ஆங்கிலம் பழகுவோம்: ‘அப் டு’ என்றால் எவ்வளவு?

ஆபீசிலிருந்து வரும் கடிதத்தில் தொகையையும் தேதியையும் நாம் எளிதில் கண்டுகொள்கிறோம். எந்த மொழியிலும் இலக்கம் இலக்கம்தானே! ஆனால், இலக்கத்துக்கு முன்னால் நிற்கும் சின்னஞ்சிறு சொல்தான் நமக்கு வரவேண்டியதைக் கூட்டுகிறது, குறைக்கிறது. அத்தகைய சில சொற்களை இம்முறை பார்ப்போம்.

‘மினிமம்’, ‘அட் லீஸ்ட்’ இரண்டும் அடிமட்ட எல்லை. அதற்கு மேலே போகலாம். கீழே இறங்கக் கூடாது. ‘மேக்சிமம்’, ‘அப் டு’ இரண்டும் உச்ச எல்லை. மேலே போகக் கூடாது. கீழே எவ்வளவும் குறையலாம்.

மலேசியாவில் ‘மினிமம் வேஜ்’ 2025ஆம் ஆண்டில் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. டன் கணக்கில் செம்பனைக் குலை வெட்டுவோருக்கும் இதுவே அடிமட்டம். கடிதத்தில் ‘அட் லீஸ்ட் 1,700’ என்றிருந்தால் சரி. ‘அப் டு 1,700’ என்றிருந்தால்? 900 வெள்ளி கொடுத்தாலும் அந்த வாசகத்துக்குப் பொருந்திவிடும். சட்டத்துக்குத்தான் பொருந்தாது!

அடுத்து, ‘நாட் லெஸ் தேன்’. ‘லெஸ்’ என்றதும் குறைவு என்று மயங்கவேண்டாம். முன்னால் ‘நாட்’ இருப்பதால், ‘குறையாமல்’ என்பதே பொருள். தீபகற்ப மலேசியாவில் நடப்பிலிருக்கும் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் இதே சொல்லை ஆள்கிறது. தோட்டம் கைமாறியோ, ஆட்குறைப்பினாலோ வேலை போனால், 2 ஆண்டுக்குக் குறைவாக உழைத்தவருக்கு 4 வாரம், 2 முதல் 5 ஆண்டுக்குள் 6 வாரம், 5 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 8 வாரம் குறையாமல் நோட்டீஸ் தரவேண்டும்.

‘பை’, ‘அண்டில்’ என்ற இரண்டையும் பலர் குழப்பிக்கொள்வர். ‘பை வெள்ளிக்கிழமை’ என்றால், பாரத்தை அந்நாளுக்குள் ஒருமுறை கொடுத்துவிட வேண்டும். ‘அண்டில் வெள்ளிக்கிழமை’ என்றால், அந்நாள் வரை ஒரு காரியம் தொடர்ந்து நடக்கும். ‘நாட் லேட்டர் தேன்’ என்பது ‘பை’க்கு அண்ணன், ‘பிந்தாமல்’ என்று பொருள். மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் நாளுக்குப் பிந்தாமல் கொடுக்கவேண்டும் என்பதும் அதே சட்டம்தான்.

இனி, எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடுமுன் இலக்கத்துக்கு முன்னால் நிற்கும் சொல்லைப் பென்சிலால் வட்டமிடுங்கள். அது தரையா, கூரையா? விளங்காவிட்டால் பள்ளிக்குப் போகும் பிள்ளையையோ, சங்கத் தலைவரையோ கேளுங்கள். விளங்கிய பிறகே பேனாவை எடுங்கள்.