காதுக்கும் சாதி உண்டு

கடந்த ஏப்ரல் 14 இரவு, பழங்காநத்தத்தில் எங்கள் தெருக்கூட்டம். நம் பையன் ஒருவன் மடிக்கணினியை வைத்து இருபது நிமிடம் மின்னணு இசை என்று ஒன்றை நிகழ்த்தினான். பறையைத் தீயில் காய்ச்சும்போது எழும் சடசடப்பு, பஸ் ஸ்டாண்டு இரைச்சல், ஒப்பாரியில் ஒரு இழுப்பு எல்லாவற்றையும் பதிவு செய்து, வெட்டி, நீட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தான். பத்தாவது நிமிடத்தில் பாதிக்கூட்டம் எழுந்துவிட்டது. “என்னய்யா, ரேடியோ ரிப்பேரா?” என்று கேட்டுவிட்டுப் போனது ஒரு அக்கா. இறங்கி வந்தவன், “நம்ம சனங்களுக்கு இதெல்லாம் புரியாதுண்ணே” என்றான். பக்கத்திலிருந்த தோழரோ, “சனங்களுக்குப் புடிச்ச மாதிரி நாலு குத்துப்பாட்டப் போட்டுட்டுப் போயேன்டா” என்றார்.

இரண்டு பேச்சும் தப்பு. இரண்டையும் எதிர்த்தே இதை எழுதுகிறேன்.

முதலில் தோழருக்கு. ‘கேட்க இனிமையாக இருக்கணும்’ என்கிறோமே, அந்த இனிமையை நிர்ணயித்தது எந்தக் காது? பறையை ‘சத்தம்’ என்று ஒதுக்கிய காதுதானே? சாவுக்கு அடி, சாமிக்கு அடி, மேடைக்கு மட்டும் வராதே என்ற காதுதானே? 2025இல் மதுரை வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. மகிழ்ச்சி. ஆனால் ஒரு விருதில் அந்தக் காது கழுவப்பட்டுவிடாது. இனிமையை அளவுகோலாக வைத்தால் நம்முடைய பாதி வரலாறு காதுக்கு வெளியேதான் நிற்கும்.

சரி, இனிமையில்லாத சத்தத்தை எழுப்ப யாருக்கு உரிமை தரப்பட்டது? அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் ஒரு மின்னணு இசைக்கூடம் வந்தது. அமெரிக்காவிலிருந்து டேவிட் டியூடர் வந்து மூக் சிந்தசைசரை நிறுவிக் கொடுத்தார். அந்த நிறுவனத்தை உருவாக்கியதில் முன்நின்றது சாராபாய் குடும்பம், ஜவுளி ஆலை முதலாளிகள். அந்த வீட்டுப் பெண் கீதா சாராபாயும் அங்கே இசையமைத்தார். சில ஆண்டுகளில் கூடம் ஓய்ந்தது. நாடாக்கள் ஆவணக் காப்பகத்தில் கிடந்தன. பால் பர்கஸ் என்ற கலைஞர் அவற்றைத் தேடியெடுக்க, 2023இல்தான் இசைத்தட்டாக வந்தன. நானும் கேட்டேன். சிலது நல்லாத்தான் இருக்கு. என் சண்டை இசையோடு இல்லை. ஐம்பது வருஷம் தெருவில் எவனும் கேட்காமல் கிடந்தும் அதற்குப் பெயர் ‘பரிசோதனை’. நம் பையன் இருபது நிமிடம் செய்தால் ‘ரேடியோ ரிப்பேர்’. தோற்றுப்பார்க்கிற உரிமையும் இந்த நாட்டில் பரம்பரைச் சொத்து. அது நமக்கும் வேண்டும்.

இப்போது தம்பிக்கு. ‘சனங்களுக்குப் புரியாது’ என்கிறாயே, அது யாருடைய வசனம்? வேதம் உனக்குப் புரியாது, சங்கீதம் உனக்குப் புரியாது என்று நம்மைப் பார்த்துச் சொன்னவனுடைய வசனம். அதை நம் வாயால் நம் தெருவைப் பார்த்துச் சொல்லலாமா?

சிகாகோவின் கறுப்பினப் பிள்ளைகள் கதையைக் கேள். டிபி-303 என்று ஒரு பெட்டி. பாஸ் கிட்டாருக்கு மாற்று என்று ரோலண்டு கம்பெனி இறக்கியது. விலைபோகாமல் 1984இல் நிறுத்தியது. அந்தச் சீந்துவாரில்லாத பெட்டியைத் திருகித் திருகி, ஃபியூச்சர் என்ற குழு கேட்டறியாத ஒரு சத்தத்தை எடுத்தது. ‘ஆசிட் டிராக்ஸ்’, 1987. அது தட்டாக வருமுன்பே ரான் ஹார்டி தன் கிளப்பில் போட்டபோது, முதல்முறை ஆடிக்கொண்டிருந்தவர்கள் விலகிவிட்டார்களாம். அவர் கூட்டத்தைத் திட்டவில்லை, இசையையும் இனிப்பாக்கவில்லை. அதே இரவில் திரும்பத் திரும்பப் போட்டார். நாலாவது முறை கூட்டம் வெறிகொண்டு ஆடியது என்று குழுவைச் சேர்ந்த டிஜே பியர் சொல்லியிருக்கிறார்.

இதுதான் என் அளவுகோல். சத்தம் கரடா, இனிப்பா என்பதல்ல கேள்வி. எழுந்து போன சனத்திடம் நாலாவது முறையும் வந்து நிற்கிறாயா, இல்லை கண்காட்சிக்கூடத்துக்கு பஸ் ஏறிவிடுகிறாயா?

அன்றைக்குக் கடைசிவரை உட்கார்ந்திருந்தவர் எங்கள் பெரியப்பா. நாற்பது வருஷம் பறையடித்தவர். நன்றாயில்லை என்று அவர் சொல்லவில்லை. “ஏப்பா, தோலு இன்னும் காயல. நல்லாக் காய்ச்சிட்டு அடுத்த வருசமும் வா. அந்தத் தீச்சத்தம் வந்துச்சே, அத மட்டும் எடுத்துறாத” என்றார்.

சபாக்களின் விமர்சனத்தை விட, அந்தப் பேச்சில் இசை தெரிந்த காது இருக்கிறது. தம்பி வரணும். நாமும் எழுந்து போகாமல் உட்காரணும்.