விருந்தா? வியாபாரமா? அழைக்கும்போதே சொல்லி விடுங்கள்

என் ராத்தாவின் இளைய மகள் தெஹிவளையில் இருக்கிறார். கடந்த நோன்புப் பெருநாளுக்கு முந்திய மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அஸருக்குப் பிறகு, தன் கூட்டாளிமார் எட்டுப் பேரை வீட்டுக்கு அழைத்திருந்தார். எல்லோரும் உட்கார்ந்து ஆளுக்கொரு கைச்சரமும் ஒரு சோடித் தோடும் தாங்களே செய்துகொண்டு போவதுதான் திட்டம். தலைக்கு 500 ரூபாய் வாங்குவதாக ஏற்பாடு. புறக்கோட்டையில் பென்சி சாமான் கடை வைத்திருக்கும் மாமா என்பதால் மணியும் கொக்கியும் வாங்க என்னிடம்தான் வந்தார்.

பெண் பிள்ளைகள் கூடி மணி கோர்ப்பதில் என்ன வியாபாரம் இருக்கிறது என்று முதலில் நானும் சிரித்தேன். பிறகு கணக்கை எழுதிப் பார்த்தபோது சிரிப்பு போய்விட்டது. வாசகர்களின் வீடுகளிலும் இப்படியான முயற்சிகள் நடப்பதால் அந்தக் கணக்கை இங்கே தருகிறேன்.

ஏழு அங்குலக் கைச்சரம் ஒன்றுக்கு 8 மில்லிமீற்றர் மணி 22 தேவை. தோடு ஒரு சோடிக்கு இரண்டு. ஆக ஒருவருக்கு 24, எட்டுப் பேருக்கு 192. கடையில் கிடைக்கும் 16 அங்குலச் சரம் ஒன்றில் இந்த அளவு மணி ஏறக்குறைய 50 இருக்கும். எனவே நான்கு சரம். சரம் 600 ரூபாய் வீதம் 2400. இழுபடும் நூல் 250. தோட்டுக் கொக்கியும் ஊசியும் 400. வளைக்கவும் வெட்டவும் மூன்று குறடுகள், ஒன்று 850 வீதம் 2550. தேநீர், ரோல்ஸ், கேக் வகைக்கு 3200. கூட்டினால் 8800 ரூபாய். கையில் வரப்போவதோ 4000.

“மாமா, அப்ப எனக்கு 4800 நட்டமா?” என்று பிள்ளை பயந்து விட்டார்.

நட்டம் என்று உடனே சொல்ல முடியாது. இந்தத் தொகைக்குள் மூன்று வகைச் செலவு கலந்திருக்கிறது. குறடு என்பது முதல். அது பத்துக் கூட்டத்துக்கு உழைக்கும், ஆகவே இந்த ஒரு நாளின் பங்கு 255 ரூபாய்தான். தேநீரும் ரோல்ஸும் உபசாரம். வீட்டுக்கு வந்தவருக்குக் கொடுத்த தேநீருக்குக் கணக்கு எழுதும் பழக்கம் நம்மிடம் இல்லை, இருக்கவும் கூடாது. மிஞ்சுவது மணி, நூல், கொக்கி ஆகியவற்றின் 3050. உடைவது, உருண்டு போவது, அளவு பிழைத்து வெட்டுப்படுவது என்று நூற்றுக்குப் பத்துச் சேர்த்தால் 3355. குறட்டின் பங்கையும் கூட்டினால் 3610. எட்டால் பிரித்தால் தலைக்கு 451 ரூபாய்.

ஆகவே 500 ரூபாய் சாமானுக்குப் போதும். மிச்சம் 390. ஆனால் அதற்குள் அவர் புறக்கோட்டைக்கு வந்து போன பஸ் செலவும், மணி தெரிவு செய்த நேரமும், எட்டுப் பேருக்கும் சொல்லிக் கொடுத்த உழைப்பும் அடங்க வேண்டும். அடங்காது.

அப்போதுதான் நான் அவரிடம் கேட்டேன்: “மகள், நீங்க வைக்கிறது விருந்தா, வியாபாரமா?”

இந்தக் கேள்விதான் இன்றைய கட்டுரையின் சாரம். விருந்து என்றால் சாமானின் செலவைப் பங்கு போடலாம், அல்லது நீங்களே ஏற்றுக்கொள்ளலாம். அதில் இலாபம் தேடக் கூடாது. வியாபாரம் என்றால் உங்கள் கூலியையும் நியாயமான இலாபத்தையும் சேர்த்து 900 என்றோ 1000 என்றோ கேளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டையும் கலப்பதுதான் பிழை. விருந்து என்று அழைத்து, தேநீர் கொடுத்து, கடைசியில் விற்பனைத் தட்டை நீட்டுவது நான் அறிந்த வியாபாரத்தில் சேராது.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் என் மனைவி இப்படியான ஓர் அழைப்புக்குப் போனார். எந்த வீடு என்பது இங்கே தேவையில்லை. மணி கோர்த்து முடிந்ததும், ஏற்கெனவே செய்து வைத்த மாலைகள் தட்டில் வந்தன. சுற்றியிருந்தவர்கள் ஒவ்வொருவராக எடுத்தார்கள். கணவருக்கு வேலை போய் மூன்று மாதமான ஒரு சகோதரியும் அங்கே இருந்தார். தட்டு அவர் முன்னால் வந்தபோது எல்லோருடைய கண்ணும் அவர் கையில்தான். பக்கத்தில் இருந்த என் மனைவியிடம் இரகசியமாக 750 ரூபாய் கடன் கேட்டு வாங்கி, தனக்குத் தேவையில்லாத ஒரு மாலையை எடுத்துக்கொண்டு போனார். வீட்டுக்காரிக்கு அன்று ஒரு மாலை விற்றது. ஆனால் அந்தச் சகோதரி அதன் பிறகு அந்த வீட்டுப் படி ஏறவில்லை. கடனைத் திருப்பிக் கொடுக்கும் வரை எங்கள் வீட்டுக்கும் வரவில்லை.

நமது வியாபாரத்தில் வாங்குபவரும் விற்பவரும் மனம் பொருந்த வேண்டும் என்பது அடிப்படை. வெட்கத்தால் வாங்கியவர் மனம் பொருந்தி வாங்கினார் என்று யார் சொல்வது? கடைக்கு வருபவர் பிடிக்காவிட்டால் திரும்பிப் போகலாம். கூட்டாளியின் விறாந்தையில் உட்கார்ந்திருப்பவரால் அப்படி எழும்பிப் போக முடியாது.

இந்தத் தொழிலே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐயும் தாண்டியபோது எத்தனை குடும்பங்களில் ஒரு சம்பளம் போதாமல் போனது என்பதை நாம் கண்டோம். அந்த நாட்களில் வீட்டிலிருந்தே தைத்தும், சமைத்தும், மணி கோர்த்தும் அடுப்பெரிய வைத்த பெண்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பவுண் விலையைக் கேட்டு நடுத்தரக் குடும்பங்கள் செட்டியார் தெருப் பக்கம் போகவே யோசிக்கும் காலத்தில், பெருநாளுக்கு அழகான மணி மாலை ஒன்று பெரிய உதவி. பேருவளை சீனங்கோட்டையிலும் இரத்தினபுரியிலும் கல் வியாபாரத்தில் பேர் எடுத்த சமூகம் நாம். பெரிய கல்லுக்கு உதவாத சிறு துண்டுகளையும், மீட்டியாகொட சந்திரகாந்தக் கல்லின் மலிவான மணிகளையும் கோர்த்து விற்க நம் பிள்ளைகளுக்குத் தெரிந்தால் நல்லதுதானே.

ஆனால் விற்க இறங்கினால் பொருளின் உண்மையைச் சொல்லி விற்க வேண்டும். கண்ணாடி மணியைக் கண்ணாடி என்றே சொல்லுங்கள். பூச்சுக் கொக்கியைத் தங்கம் என்றோ வெள்ளி என்றோ சொல்லாதீர்கள். 925 என்று முத்திரை இருந்தால் நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி இருக்க வேண்டும். மலிவான கொக்கிகளில் நிக்கல் கலந்திருக்கும். சிலருக்கு அது காதை அரித்துப் புண்ணாக்கி விடும். அப்படியானவர்களுக்கு வெள்ளிக் கொக்கி கொடுத்து, விலை வித்தியாசத்தையும் சொல்லுங்கள். வியாபாரம் நிலைத்தால் பிரதேச செயலகத்தில் பெயரைப் பதிந்து, வரவு செலவுக்கென ஒரு கொப்பியும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பணமும் வியாபாரப் பணமும் ஒரே பேர்சில் கிடந்தால் இலாபம் எது, நட்டம் எது என்று ஒருநாளும் தெரியாது.

கடைசியில் பிள்ளை என்ன செய்தார் என்று கேட்பீர்கள். விருந்து என்றே தீர்மானித்தார். “சாமான் செலவு மட்டும் 450, விற்பனை ஒன்றுமில்லை, கையில் இல்லாதவர் சும்மா வாருங்கள்” என்று எட்டுப் பேருக்கும் முன்கூட்டியே சொன்னார். ஏழு பேர் பணம் கொடுத்தார்கள். கொடுக்காதவர் யார் என்று அவர் என்னிடம் சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை. அந்த ஏழு பேரில் இருவர், தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு மாலையும் தோடும் செய்து தரும்படி விலை பேசி, முற்பணமும் கொடுத்து விட்டுப் போனார்கள்.

அதற்கு அவர் கூலியும் சேர்த்துத்தான் விலை சொன்னார். அந்தச் சிட்டையை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். கணக்குச் சரியாக இருந்தது, அல்ஹம்துலில்லாஹ்.