ஆழம் குறித்த கை

2015-இல் தொடங்கிய கீழடி அகழாய்வில் நாளும் நடந்தது ஆரவாரமற்ற பணி. மண்ணை அடுக்கடுக்காய்ச் சுரண்டினர், அள்ளிச் சலித்தனர், ஓடுகளைக் கழுவி உலர்த்தினர், குழியெண்ணும் ஆழமும் குறித்தனர். அக்குறிப்பே உயிர். 353 செ.மீ. ஆழத்துக் கரித்துண்டு கி.மு. 580-ஐச் சார்ந்ததென 2019-இல் வெளிவந்த அறிக்கை சாற்றிற்று. ஆழம் குறியாதிருப்பின் அது வெறுங்கரியே! 'ஆதன்' எனக் கீறிய ஓடும் தன் காலத்தை இழந்திருக்கும்.

தொன்மை பேசி மார்தட்டுவோர் இதனை எண்ணுக. கிணறோ கடைகாலோ தோண்டுங்கால் பழம்பானையோ ஓடோ வெளிப்படின், பெயர்த்தெடுத்து வீட்டில் அணிசெய்தல் பற்றன்று, அழிப்பே. கிடந்தாங்கே விட்டு, தொல்லியல் துறைக்கு உடனே அறிவித்தல் ஒவ்வொரு தமிழர்க்கும் கடன். மண் ஒருமுறைதான் பேசும், கலைத்தபின் பேசாது.