மணி கோப்பதும் மனம் கோப்பதும்



செபமாலை என்றவுடன் கத்தோலிக்கர்களே நம் நினைவுக்கு வருவார்கள். சீர்திருத்தச் சபையினர் மாலை ஏந்துவதில்லை என்பது பலருடைய எண்ணம். ஆனால், கடந்த சில பத்தாண்டுகளில் அவர்களிடையேயும் ஜெபமணிமாலை இடம்பிடித்திருக்கிறது. அமெரிக்காவில் சில சபைகள் அதனைச் செய்து பிறருக்கு வழங்குவதை ஓர் இறைப்பணியாகவே மேற்கொண்டுள்ளன. இப்பணி வரவேற்கத்தக்கது. ஆயினும், மாலையை மட்டும் கொடுத்து, அதனைப் பயன்படுத்தும் முறையைக் கற்பிக்காமல் விட்டால் பணி பாதியில் நின்றுவிடும் என்பதே என் கருத்து.

முதலில் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம். 1980களில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் லின் பௌமன் என்னும் எபிஸ்கோப்பல் சபைக் குருவும் அவருடைய குழுவினரும் இம்மாலையை உருவாக்கினர். கத்தோலிக்கச் செபமாலையில் 59 மணிகள் உள்ளன. இதிலோ 33 மணிகளே. சிலுவையை அடுத்து ஒரு தொடக்க மணி. வட்டத்தில் சிலுவை வடிவாக அமைந்த நான்கு பெருமணிகள். அவற்றின் இடையே ஏழேழாக 28 சிறுமணிகள். ஏழு என்பது கிழமையின் நாள்களையும், 33 என்பது இயேசு மண்ணில் வாழ்ந்ததாகக் கருதப்படும் ஆண்டுகளையும் குறிக்கின்றன. 1990களில் சுவீடன் நாட்டு லுத்தரன் பேராயர் மார்ட்டின் லோன்னெபூ 18 மணிகள் கொண்ட வேறொரு மாலையை வடிவமைத்தார்.

இதற்கு எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 'பொருளுணராது திரும்பத் திரும்பச் சொல்வது ஜெபமாகுமா? மலைப்பொழிவில் இயேசுவே இதனைக் கண்டிக்கவில்லையா?' என்று கேட்கின்றனர். நியாயமான வினாதான். ஆனால், அங்கே கண்டிக்கப்பட்டது பொருளற்ற சொற்பெருக்கமே அன்றி, கையில் இருக்கும் மணி அன்று. சீர்திருத்தச் சபையினரின் மாலைக்கு இன்ன ஜெபத்தைத்தான் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஒரு மணிக்கு ஒரு நன்றி சொல்லலாம். ஒரு மணிக்கு ஒருவரை நினைத்து வேண்டலாம். லோன்னெபூவின் 18 மணிகளில் ஆறு மணிகள் மௌனத்திற்கே உரியவை. மூன்றில் ஒரு பங்கு பேசாமல் இருக்கச் சொல்லும் மாலையை வீண்சொற்களின் கருவி என்று எவ்வாறு கூறுவது?

முதலாம் ஆண்டு மாணவன் விரல்விட்டு எண்ணுவதை ஆசிரியர்களாகிய நாம் தடுப்பதில்லை. விரலே கணக்கு ஆகிவிடாது என்பதும் நமக்குத் தெரியும். விரல் பிடிமானம், கணக்கு உள்ளே நடக்கிறது. மணியும் அத்தகையதே. நோயுற்றவருக்கும், அன்புக்குரியவரைப் பறிகொடுத்தவருக்கும் சில வேளைகளில் சொற்கள் வருவதில்லை. அப்போது கைகளுக்கு ஒரு வேலை இருந்தால், அலைபாயும் மனமும் மெல்ல மெல்ல அடங்கும்.

மாலை செய்வோரின் பணியும் எளிதன்று. நெளியும் கம்பியிழையில் மணிகளை வரிசை பிசகாமல் கோக்க வேண்டும். பெருமணிக்கும் சிறுமணிக்கும் இடையே கடுகளவு மணிகளை இட்டால்தான் விரலுக்கு இடைவெளி தெரியும். முனையில் சிறு உலோகக் குழலை நசுக்கி இறுக்காவிட்டால் எல்லாம் சிதறிவிடும். அவ்வாறு கோக்கும்போதே, அதைப் பெறப்போகும் மனிதருக்காக வேண்டிக்கொள்வோரும் உண்டு. முகம் தெரியாத ஒருவருக்காகச் சில மணி நேரம் செலவிடுவது சிறிய கொடை அன்று.

இவ்வளவு உழைத்தும், வழங்கும் நாளில் ஒரு துண்டுத்தாளைக் கையில் திணித்து அனுப்பிவிட்டால் என்னவாகும்? மாலை அணிகலனாகும், அல்லது வண்டிக் கண்ணாடியில் தொங்கும், அதனினும் கேடாக, தீமை அண்டாமல் காக்கும் தாயத்து என எண்ணப்படும். எதிர்ப்போரின் அச்சம் அப்போது மெய்யாகிவிடும். எனவே, கொடுப்பவர் பெறுபவரோடு அமர்ந்து ஒரு சுற்றாவது உடன் ஜெபிக்க வேண்டும். கூடவே, மாலை இல்லாமலும் ஜெபிக்கலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். நல்ல பயிற்றுத் துணைப்பொருள் மாணவனைத் தன்னிடமே கட்டிப்போடாது அல்லவா?

ஆங்கிலத்தில் மணியைக் குறிக்கும் 'பீட்' என்ற சொல்லுக்குப் பழங்காலத்தில் 'ஜெபம்' என்பதே பொருள். ஜெபத்தை எண்ணப் பயன்பட்டதால் அப்பெயர் மணிக்கு வந்து சேர்ந்தது. பெயர் இடம் மாறியதில் குற்றமில்லை. ஜெபத்தின் இடத்தையே மணி பிடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது, அதனைச் செய்து கொடுப்போரின் பொறுப்பு.