பிள்ளைகளுக்குக் கதை சொல்வோரே, சற்று வாயை மூடுங்கள்!

நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு இரக்கம் கற்பிக்கும் முறை எப்படியிருக்கின்றது என்பதைச் சற்று யோசித்துப் பாருங்கள். "பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும்", "தம்பிக்குக் கொடுக்காவிட்டால் பூச்சாண்டி பிடித்துக் கொள்வான்" என்று சொல்லுகின்றோம். பயந்து கொடுப்பதற்குப் பெயர் வரியேயொழிய இரக்கமாகுமா? போதாக்குறைக்கு ஒரு கதையைச் சொல்லிவிட்டுக் கடைசியில் "இதனால் அறியப்படும் நீதி யாது?" என்று ஒரு கேள்வி வேறு. அதுவரை சந்தோஷமாகக் கேட்டுக் கொண்டிருந்த பிள்ளை எழுந்து ஓடிவிடுகின்றது. ஓடாமல் என்ன செய்யும்?

பிறரைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. நானே அந்தக் குற்றவாளி.

அமெரிக்காவில் எஸ்ரா ஜாக் கீட்ஸ் என்பவர் 1962-ல் "பனி நாள்" என்று பொருள்படும் பெயரில் ஒரு படப் புஸ்தகம் வெளியிட்டார். பீட்டர் என்னும் கருப்பினச் சிறுவன் காலையில் எழுந்து பார்க்கிறான்; ஊரெல்லாம் பனி. சிவப்பு உடுப்பை மாட்டிக் கொண்டு வெளியே போகிறான். கால் தடம் பதிக்கிறான். குச்சியால் மரத்தைத் தட்டித் தலைமேல் பனியைக் கொட்டிக் கொள்கிறான். நாளைக்கு வேண்டுமென்று ஒரு பனி உருண்டையைச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டு வீடு திரும்புகிறான். தாய் ஈரத் துணியைக் கழற்றிவிடுகிறாள். படுக்கப் போகுமுன் பையைத் துழாவினால் பை காலி; பையன் மிகவும் வருந்துகிறான். மறுநாள் மறுபடியும் பனி. எதிர்வீட்டுத் தோழனையும் அழைத்துக் கொண்டு போகிறான். கதை இவ்வளவுதான். ராஜகுமாரனும் இல்லை, வரங்கொடுக்கும் தேவதையும் இல்லை, முடிவில் நீதியும் இல்லை.

ஆனால் விஷயம் சாமான்யமானதல்ல. கீட்ஸ் கருப்பரல்லர், போலந்திலிருந்து பிழைக்க வந்த ஏழை யூதரின் பிள்ளை. யூதர்மீதிருந்த துவேஷத்தினால் 1947-ல் தன் பெயரையே மாற்றிக் கொள்ள நேர்ந்தவர். 1940-ல் ஒரு பத்திரிகையில் வந்த கருப்புக் குழந்தையொன்றின் படங்களை வெட்டி, இருபது வருஷத்துக்கு மேல் பத்திரப்படுத்தி, அக்குழந்தையையே பீட்டராக்கினார். அந்நாட்டில் 1962 முதல் 1964 வரையில் வெளிவந்த பிள்ளைப் புஸ்தகங்களில் 5,206-ஐ நான்சி லாரிக் என்ற அம்மையார் பரிசீலித்து, கருப்பர் தலைகாட்டியவை நூற்றுக்கு 6.7 தான் என்று 1965-ல் கணக்குக் காட்டினார். தன் முகமே இல்லாத புஸ்தகத்தில் ஒரு பிள்ளை தன் சந்தோஷத்தை எங்கே தேடும்? கருத்த பெண்ணை மடியில் வைத்துக் கொண்டே "செக்கச்செவேலென்ற ராஜகுமாரி" என்று கதை அளக்கும் நாம் மாத்திரம் என்ன யோக்கியர்கள்? நியூயார்க் பொது நூல்நிலையமோ, தன் சரித்திரத்திலேயே அதிகமாக இரவல் போன புஸ்தகம் இதுதானென்று 2020-ல் அறிவித்தது: 4,85,583 தடவை!

நிற்க. இப்புஸ்தகத்தை ஏழு வயதான என் மகளுக்குக் காட்டினேன். அவள் பனியைக் கண்டதில்லை. ஐஸ் மாதிரி என்று சொன்னேன். பை காலியான பக்கம் வந்ததும், வழக்கம்போல் "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்ற கேள்வி வாய்வரை வந்தது. எதனாலோ கேட்கவில்லை. அவள் வெகுநேரம் படத்தையே பார்த்திருந்துவிட்டு, "நான் தம்பிக்கு வைச்ச ஐசும் இப்படித்தாம்ப்பா போச்சு" என்றாள்.

முன்மாதம் பள்ளிக்கூடப் பை நனைந்து நோட்டெல்லாம் ஊறிப்போய் வந்ததற்காக நான் அவளை அடித்திருந்தேன். ஏன் நனைந்தது என்று கேட்கவில்லை. காய்ச்சலாய்க் கிடந்த தம்பிக்காகத் தான் தின்னாமல் பைக்குள் வைத்துக் கொண்டு வந்த குச்சி ஐஸ் அது! இரக்கத்தைப் போதிக்கப் போன ஆசாமியின் யோக்கியதை இவ்வளவுதான். "அடிச்சது தப்பும்மா" என்றேன். அவள் அதைக் காதில் வாங்காமல், மறுநாள் பனி வரும் பக்கத்தைத் திருப்பச் சொன்னாள்.

ஆகையால் பெற்றோர்களே, பக்கத்தைத் திருப்ப அவசரப்படாதீர்கள். "இவன் ஏன் இப்படியிருக்கிறான்?" என்று மாத்திரம் கேட்டுவிட்டுச் சும்மாயிருங்கள். பிள்ளை ஏறுமாறாகச் சொன்னாலும் திருத்தப் போகாதீர்கள். "எனக்குப் படிக்கத் தெரியாதே" என்று சில தாய்மார்கள் சொல்லுகிறார்கள். படப் புஸ்தகத்துக்கு அதுவும் ஒரு தடையா? எங்கள் தெருவில் கையெழுத்துப் போடத் தெரியாத ஒரு பாட்டி, பீட்டர் கதையைத் தினம் ஒரு விதமாகச் சொல்லுகிறார். நேற்று அவன் தாய் களை பறிக்கப் போயிருந்தாளாம். "இல்லை ஆயா, வீட்டிலதான் இருக்கா, பாரு" என்று பிள்ளைகள் படத்தைக் காட்டிச் சண்டை பிடிக்கின்றன.