ஒத்தியங்கும் என்னும் முத்திரை

விற்பவர் சொல்லைக் காட்டிலும் பொருளின் மேல் பதிந்துள்ள முத்திரையை நம்பி வாங்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. நெய்யிலும் தேனிலும் அக்மார்க் உண்டா என்று பார்க்கிறோம். 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த முத்திரை அது. பம்புசெட் வாங்கும் உழவர் ஐ.எஸ்.ஐ. குறியைத் தேடுகிறார். நாமக்கல்லில் பாடி கட்டி வெளிவரும் லாரியின் நெற்றியில் ‘நேஷனல் பர்மிட்’ என்று எழுதியிருக்கக் காண்கிறோம். இம்மூன்றும் ஒரே இனத்தன அல்ல. முன்னவை இரண்டும் பொருளின் தரத்தைப் பேசுகின்றன. மூன்றாவதோ அவ்வண்டி எங்கெங்கே ஓடலாம் என்பதை மட்டும் பேசுகிறது. பிரேக் பிடிக்குமா, ஓட்டுநர் உறங்கி எழுந்தாரா என்பன அதில் அடங்கா.

மென்பொருள்களின் உறையிலும் விளம்பரத்திலும் காணப்பெறும் ‘இன்ன கணிப்பொறியில் ஒத்தியங்கும்’ என்னும் முத்திரை இம்மூன்றாம் இனத்தைச் சார்ந்தது. 1980களில் ஐ.பி.எம். கணிப்பொறியைப் போலச் செய்யப்பட்ட பிற நிறுவனங்களின் பொறிகள் ‘ஐ.பி.எம். கம்பாட்டிபிள்’ என்று கூவி விற்கப்பட்டன. அக்கூற்று மெய்தானா என அறிய லோட்டஸ் 1-2-3 என்னும் கணக்கு மென்பொருளையும், ஃபிளைட் சிமுலேட்டர் என்னும் விமான விளையாட்டையும் அவற்றில் இயக்கிப் பார்த்தனர். விளையாட்டே உரைகல்லாயிற்று! பின்னர் 1995இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ‘டிசைன்ட் ஃபார் விண்டோஸ் 95’ என்னும் முத்திரையை வழங்கத் தொடங்கியபோது, மென்பொருள் 32 பிட் முறையில் அமைதல் வேண்டும், நீண்ட கோப்புப் பெயர்களை ஏற்றல் வேண்டும், நீக்கும்போது சுவடின்றி நீங்குதல் வேண்டும் என்றெல்லாம் விதிகள் வகுத்து, வெளி ஆய்வகம் ஒன்றின் சோதனையையும் வைத்தது.

சிறிய அளவில் மென்பொருள் செய்து விற்போர்க்கு இத்தகைய முத்திரை பெருந்துணை என்பதை மறுப்பதற்கில்லை. கோழிப்பண்ணையின் முட்டைக் கணக்கு, லாரி புக்கிங் ஆபீஸின் வரவு செலவு, பள்ளிவாசல் ஜமாஅத்தின் சந்தாப் பதிவு ஆகியவற்றுக்கெல்லாம் மென்பொருள் செய்து தரும் இளைஞர் பலர் ஓரிருவராய்க் கூடி ஓர் அறையில் தொழில் நடத்துவோரே. நாளிதழில் விளம்பரம் செய்ய அவரிடம் பொருள் இல்லை. ஊரறிந்த பெயரும் இல்லை. ‘என் கணிப்பொறியில் இது ஓடுமா?’ என்பதே வாங்க வருபவரின் முதல் அச்சம். அவர் வாய் திறக்கும் முன்னரே முத்திரை விடை பகர்ந்துவிடுகிறது. அறியப்படாத ஒருவர் அறியப்பட்ட பெருநிறுவனத்தின் நிழலில் நின்று கடை விரிக்க இதனினும் மலிவான வழி வேறில்லை. இதில் இழுக்கு ஏதும் இருப்பதாக நாம் கருதவில்லை.

ஆயின், முத்திரை கூறும் செய்தியும் வாங்குவோர் அறிய வேண்டிய செய்தியும் ஒன்றுதானா? தமிழ் மென்பொருள்களின் வரலாறு இவ்வினாவுக்குத் தக்க விடை தருகிறது. எம் துறையின் பழைய மலர்கள் சில வட்டில் பத்திரமாக உள்ளன, படிக்கத்தான் இயலவில்லை. அவற்றைத் தட்டச்சிட்ட மென்பொருளின் உறையில் ‘விண்டோஸில் இயங்கும்’ என்ற வரி இருந்தது. அது பொய்யன்று. அம்மென்பொருள் விண்டோஸில் நன்றாகவே இயங்கியது. தமிழோடுதான் அது ஒத்தியங்கவில்லை. ஆங்கில எழுத்துகளுக்கும் பிற குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்திய தனி எழுத்துரு அதனுடையது. அவ்வெழுத்துரு இல்லாத பொறியில் பக்கம் முழுவதும் பொருளற்ற குறிகளே தோன்றுகின்றன.

அக்காலத்தில் மென்பொருளுக்கு ஒரு குறியேற்றம் என்றிருந்த குழப்பத்தைத் தீர்க்கவே 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடிற்று. தமிழ்99 விசைப்பலகையும், டாம், டாப் என்னும் குறியேற்றங்களும் அதன் பயன்கள். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 2000, ‘லதா’ எழுத்துருவுடன் ஒருங்குறித் தமிழைத் தாங்கி வந்தது. அதே ஆண்டளவில் விசுவநாதன் என்னும் தனி ஒருவர் உருவாக்கிய ‘அழகி’யும், மலேசியாவின் முத்து நெடுமாறன் படைத்த ‘முரசு அஞ்ச’லும் சிறிய உழைப்பாளர் பெரும்பணி ஆற்ற இயலும் என்பதற்குச் சான்றாயின. 2010 ஜூன் மாதத்தில் தமிழக அரசு ஒருங்குறியையும் டேஸ்16 முறையையும் தரமாக ஏற்று ஆணை பிறப்பித்தது. ஆகவே இன்று தமிழ் மென்பொருள் ஒன்றைக் கையில் எடுப்பவர் ‘இது விண்டோஸுக்குப் பொருந்துமா, ஆண்ட்ராய்டுக்குப் பொருந்துமா’ என்று கேட்பதற்கு முன் ‘ஒருங்குறிக்குப் பொருந்துமா’ என்று கேட்டல் வேண்டும். நம் கல்லூரி போன்ற இடத்தில் இதன் பயன் கண்கூடு. ஒரே பக்கத்தில் இடமிருந்து வலமாகத் தமிழும் வலமிருந்து இடமாக அரபும் கலந்து எழுதி, அதனை எவ்வூருக்கு அனுப்பினும் சிதையாது திறக்க வழி செய்தது ஒருங்குறியே.

‘ஒருங்குறி’ என்று எழுதிவிட்டால் போதுமா எனில், போதாது. ஒருங்குறி அட்டவணையில் நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் வைக்கப்பட்டுள்ளன. நம் நெடுங்கணக்கிலோ னகரமே இறுதி எழுத்து. எண் வரிசையை மட்டும் பின்பற்றி அகரவரிசை செய்யும் மென்பொருள் ‘மனம்’ என்பதை ‘மரம்’ என்பதற்கு முன் நிறுத்தும். மாணவர் பெயர்ப் பட்டியல் அதன் கையில் அகப்பட்டால் என்ன ஆகும் என்பதை அலுவலகத்தார் அறிவர். இன்னொன்று. 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு நின்றுபோன பேஜ்மேக்கர் ஒருங்குறியை அறியாதது. அதனை விடாத அச்சகத்தில் ஒருங்குறிக் கோப்பைக் கொடுத்தால் மீண்டும் பழைய எழுத்துருவுக்கு மாற்றியே தீர வேண்டும். எங்கெங்கே பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்லும் சிறு விற்பனையாளரை நாம் இரு மடங்கு நம்பலாம்.

முத்திரை தளர்ந்தால் பெருநிறுவனமும் தலைகுனிய நேரும். 2006இல் ‘விண்டோஸ் விஸ்டா கேப்பபிள்’ என்னும் ஒட்டுச்சீட்டு பல கணிப்பொறிகளில் ஒட்டப்பட்டது. அவற்றுள் பல விஸ்டாவின் அடிப்படைப் பதிப்பை மட்டுமே தாங்கவல்லன. 2007இல் அமெரிக்காவில் வழக்குத் தொடரப்பட்டது. ஒட்டுச்சீட்டை நம்பி வாங்கிய 2,100 டாலர் மடிக்கணிப்பொறி மின்னஞ்சல் பார்க்கவே உதவுகிறது என்று மைக்ரோசாஃப்டின் உயர் அலுவலர் ஒருவரே வருந்தி எழுதிய மடல் அவ்வழக்கில் வெளிவந்தது. 2009இல் வாங்கியோர் அனைவர்க்குமான கூட்டு வழக்கு என்னும் தகுதியை நீதிமன்றம் நீக்கியது உண்மையே. எனினும் அச்சீட்டின் மதிப்பு அதற்கு முன்பே போய்விட்டது. விதியைத் தளர்த்திய பின்னும் பெயரை மட்டும் வைத்திருந்ததன் விளைவு அது.

பெருநிறுவனம் அதைத் தாங்கிக்கொள்ளும். அறை ஒன்றில் தொழில் நடத்தும் நம் மாணவன் தாங்கமாட்டான். சோதித்த பதிப்பையும் நாளையும் குறிப்பிட்டு முத்திரை இடுவதே அவனுக்குக் காவல். அதற்கு அவன் பெருநகரத்து ஆய்வகத்தை நாட வேண்டியதில்லை. தமிழும் ஆங்கிலமும் ஒரு வரி அரபும் அமைந்த ஒரு பக்கத் தாள் போதும். அதனை அம்மென்பொருளில் தட்டச்சிட்டு, தனி எழுத்துரு ஏதும் நிறுவாத வேறொரு பொறியிலும் கைப்பேசியிலும் திறக்க வேண்டும். ஒரு சொல்லைத் தேட வேண்டும். இருபது பெயர்களை அகரவரிசையில் அடுக்க வேண்டும். ஊர் அச்சகம் ஒன்றில் அச்சிட வேண்டும். தேறியவற்றின் பெயரையும் தேறாதவற்றின் குறையையும் துறை அறிவிப்புப் பலகையில் இடலாம். வரும் கல்வியாண்டில் கணிப்பொறித் துறையினரோடு அமர்ந்து அச்சோதனைத் தாளை வகுக்க எம் துறை ஆயத்தமாக உள்ளது.