கன்ட்ரோல் ரூம் எண்கள் ஊருக்கும் தெரியட்டும்

உடன்குடியை அடுத்த கல்லாமொழிக் கடற்கரையில், தலா 660 மெகாவாட் திறனுள்ள இரண்டு அலகுகளோடு எழுந்திருக்கும் அனல்மின் நிலையம், 1979இல் உற்பத்தியைத் தொடங்கிய தூத்துக்குடி அனல்மின் நிலையத்திலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது. தூத்துக்குடியின் 210 மெகாவாட் பாய்லர்களில் டிரம் என்னும் பெருங்கலத்தில் நீரும் நீராவியும் பிரிகின்றன. ஏதாவது பிசகினால், அந்தக் கலத்தில் உள்ள நீர் சுதாரித்துக்கொள்ளச் சிறிது அவகாசம் தரும். உடன்குடியில் இருப்பவை சூப்பர்கிரிட்டிக்கல் பாய்லர்கள். 221 பார் அழுத்தத்துக்கு மேல் நீர், நீராவி என்ற வேறுபாடே மறைந்துவிடுவதால் அங்கே டிரம்முக்கு வேலை இல்லை. அந்த அவகாசமும் இல்லை. உள்ளே போகும் நீரும் எரியும் நிலக்கரியும் நொடிக்கு நொடி ஒன்றுக்கொன்று ஈடாக இருக்க வேண்டும். இந்த வட்டாரத்தில் கருப்பட்டி காய்ச்சுகிறவர்கள் பாகின் பதத்தைக் கண்ணால் பார்த்தே விறகைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறார்கள். இந்த பாய்லரை அப்படி நடத்த எத்தனை அனுபவசாலியாலும் முடியாது. ஆயிரக்கணக்கான சென்சார்கள் வெப்பம், அழுத்தம், ஓட்டம், அதிர்வு ஆகியவற்றை அளந்து கணினிக்கு அனுப்ப, கணினி வால்வுகளைத் திருப்புகிறது. இயந்திரத்தை நடத்துவதே தரவுதான்.

அந்தத் தரவு பொய்யாகிவிடக் கூடாது என்பதற்காகப் பொறியாளர்கள் செய்து வைத்திருக்கும் ஏற்பாடுகள் மதிப்புக்குரியவை. தொழிற்சாலை சென்சார்கள் பல காலமாக 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரையிலான மின்னோட்டமாகவே அளவை அனுப்புகின்றன. அளவு சுழியாக இருந்தால்கூட 4 மில்லிஆம்பியர் வந்தாக வேண்டும். எதுவுமே வரவில்லை என்றால் கம்பி அறுந்துவிட்டது என்று பொருள். ‘ஒன்றும் இல்லை’ என்பதையும் ‘எனக்குத் தெரியவில்லை’ என்பதையும் அந்தக் கருவி குழப்பிக்கொள்வதில்லை. பாய்லரையோ டர்பைனையோ நிறுத்தும் அளவுக்கு முக்கியமான இடங்களில் ஒரே சென்சாரை நம்பாமல் மூன்றை வைக்கிறார்கள். அவற்றில் இரண்டு ஒத்துச் சொன்னால்தான் கணினி செயல்படும். இந்தக் கவனத்துக்குக் காரணம் கசப்பான அனுபவங்கள். 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் அழுத்தம் தணிக்கும் வால்வு ஒன்று திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கன்ட்ரோல் ரூம் விளக்கோ அது மூடியிருப்பதாகக் காட்டியது. காரணம், வால்வு உண்மையில் எந்த நிலையில் இருக்கிறது என்பதை அந்த விளக்கு அளக்கவில்லை. மூடும் ஆணை போனதா என்பதை மட்டுமே சொன்னது. அணு உலையின் உட்பகுதி பாதியளவு உருகிய அந்த விபத்துக்குப் பிறகு, கட்டளை வேறு, அளவீடு வேறு என்பது இத்துறையின் அடிப்படைப் பாடமாயிற்று.

இதே கண்டிப்பு பாய்லரைத் தாண்டிப் புகைபோக்கியின் உச்சிக்கும் வர வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014இல் அனல்மின் நிலையங்கள் உள்ளிட்ட 17 வகைத் தொழில்கள் புகையையும் கழிவுநீரையும் தொடர்ந்து அளக்கும் கருவிகளைப் பொருத்த வேண்டும் என்றது. கருவிகள் வந்தன, எண்கள் வாரியத்துக்குப் போகின்றன. ஆனால் கருவியை வாங்குவதும் பராமரிப்பதும் ஆலைதான். பாய்லர் சென்சார் பொய் சொன்னால் நஷ்டம் ஆலைக்கு. அதனால் அதன் மேல் கவனம் தானாக வரும். புகைபோக்கி சென்சார் பொய் சொன்னால் நஷ்டம் வெளியே மூச்சு விடுகிறவர்களுக்கு. அவர்கள் கையில் அந்த எண் இல்லாதவரை அந்தக் கவனத்துக்கு உத்தரவாதம் இல்லை.

இதன் விலையைத் தூத்துக்குடி அறியும். 2013 மார்ச் 23 அன்று நகர மக்கள் கண் எரிச்சலும் மூச்சுத்திணறலும் என்று முறையிட்டார்கள். ஸ்டெர்லைட் தாமிர ஆலையின் புகைபோக்கிக் கருவியில் கந்தக டை ஆக்சைடு அனுமதித்த அளவைத் தாண்டிப் பதிவாகியிருந்தது. ஆலையை மூட மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உத்தரவிட்டது. வரம்பைத் தாண்டிய அந்தப் பதிவு அளவுத்திருத்த (காலிபரேஷன்) நேரத்தில் வந்த ரீடிங் என்றது நிறுவனம். அதே ஆண்டு மே 31 அன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆலை இயங்க அனுமதித்தது. யார் சொன்னது சரி என்பதை இங்கே நான் எடைபோடவில்லை. கருவியை எப்போது அளவுத்திருத்தம் செய்யப்போகிறார்கள், யார் செய்கிறார்கள், எந்த நிமிடம் தொடங்கி எந்த நிமிடம் முடிந்தது என்பவை முன்கூட்டியே பொதுவில் பதிவாகியிருந்தால், அந்தக் கேள்விக்கு ஒரு மணி நேரத்தில் விடை கிடைத்திருக்கும். ஒரு நகரமே அதை வழக்கறிஞர்களின் வாதத்திலிருந்து தெரிந்துகொள்ள நேர்ந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2018 மே 22 அன்று, அதே ஆலைக்கு எதிரான போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூடு உயிர்களைப் பறித்தது. தரவு வெளியாகியிருந்தால் அது நடந்திருக்காது என்று யாராலும் சொல்ல முடியாது. எண்களை நம்ப வழியில்லாமல் போன இடத்தில் அவநம்பிக்கை எவ்வளவு ஆழமாக ஊன்றிவிடும் என்பதை மட்டும் சொல்லலாம்.

இந்த எண்களை வெளியிட்டால் பாமர மக்கள் தவறாகப் புரிந்துகொண்டு பீதி அடைவார்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. வானிலை மையத்தின் எண்களைக் கேட்டுக் கடலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுக்கிற கரை இது. காற்றின் வேகத்தைப் புரிந்துகொள்கிறவர்களுக்குத் தூசியின் அளவு புரியாது என்று எப்படிச் சொல்வது? 2017 முதல் நிறுவப்படும் அலகுகளுக்கு நுண்துகள் வரம்பு ஒரு கன மீட்டருக்கு 30 மில்லிகிராம். வந்த எண்ணை அதன் பக்கத்தில் வைத்தால் போதும்.

பாதுகாப்பு பற்றிய ஆட்சேபம் இதைவிடக் கனமானது. 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கணினி ஒன்றில் தீநிரல் புகுந்ததை இந்திய அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் கணினிகள் தனியே பிரித்து வைக்கப்பட்டிருந்ததால் அவை பாதிக்கப்படவில்லை என்றும் அது விளக்கியது. நம் கேள்விக்கான பதிலும் அந்த விளக்கத்திலேயே இருக்கிறது. தரவை வெளியே மட்டும் போகவிட்டு, எதையும் உள்ளே வரவிடாத ஒருவழிக் கருவிகள் இன்று கிடைக்கின்றன. பாய்லரின் இயக்க விவரங்களை யாரும் கேட்கவில்லை. புகைபோக்கியும் கழிவுநீர் வாயும் என்ன சொல்கின்றன என்பது போதும்.

சட்டமும் இதற்குக் குறுக்கே நிற்கவில்லை. உச்ச நீதிமன்றம் 2017 பிப்ரவரியில், பர்யாவரண் சுரக்‌ஷா சமிதி வழக்கில், உமிழ்வு அளவுகளை மாநில வாரியங்களின் இணையதளத்தில் உடனுக்குடன் பொதுமக்களுக்குக் காட்ட ஏற்பாடு செய்யச் சொன்னது. ஆனால் திரையில் ஓர் எண் மின்னுவதால் மட்டும் பயன் அதிகமில்லை. நேற்றைய எண் என்ன, கருவி எத்தனை மணி நேரம் பேசாமல் இருந்தது, பேசாதிருந்த நேரத்தில் அந்த இடம் வெற்றிடமாகக் காட்டப்பட்டதா, சுழியாக நிரப்பப்பட்டதா, சராசரி எடுப்பதற்கு முன்பிருந்த மூலப் பதிவு எங்கே என்பவைதான் முக்கியம். பாய்லருக்குள் 4 மில்லிஆம்பியர் காட்டும் நேர்மை இங்கேயும் வேண்டும்.

2025 ஜூலையில் மத்திய அரசு பெரும்பாலான நிலக்கரி மின் நிலையங்களைக் கந்தக நீக்கக் கருவி பொருத்தும் கட்டாயத்திலிருந்து விடுவித்தது. காற்றில் கந்தக டை ஆக்சைடு கவலைப்படும் அளவுக்கு இல்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அந்த வாதத்தை ஏற்கிறவர்கள்தான் திறந்த அளவீட்டை முதலில் கேட்க வேண்டும். கடலோர நிலையங்கள் வெளியேற்றும் நீருக்கும் விதி உண்டு: 1998இன் அறிவிக்கையின்படி, புதிய நிலையங்களால் கடல்நீரின் வெப்பம் 7 டிகிரி செல்சியஸுக்கு மேல் உயரக் கூடாது. மணப்பாடு, ஆலந்தலை மீனவர்களுக்கு இந்த எண் பிழைப்போடு சேர்ந்தது.

ஆகவே, உடன்குடி நிலையத்துக்கு இயக்க இசைவாணை வழங்கும்போதும் புதுப்பிக்கும்போதும் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இவற்றை நிபந்தனையாக்க வேண்டும்: புகை, நீர் அளவீடுகளின் மூலப் பதிவு குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கு யாரும் பதிவிறக்கிக்கொள்ளும்படி இருக்க வேண்டும், காலிபரேஷன் நாள்கள் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டு, ஆலைக்குத் தொடர்பில்லாத ஆய்வகம் அதைச் செய்ய வேண்டும், உடன்குடி பேருந்து நிலையத்திலும் கல்லாமொழியிலும் அன்றைய அளவும் வரம்பும் தமிழில் தெரியும் பலகைகள் நிற்க வேண்டும். பல ஆயிரம் கோடி ரூபாய்த் திட்டத்தில் இதற்கு ஆகும் செலவு கணக்கிலேயே வராது.